காப்பர் சேர்மம் சிப்ரோவை விடப் பெரிய வட்டம் காட்டுகிறது: புராஜெக்டில் எப்படி எழுதுவது?

பச்சைப்படிகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாலிசிலால்டிஹைடையும் எத்திலீன்டைஅமீனையும் 2:1 விகிதத்தில் எத்தனாலில் சேர்த்து ஷிஃப் பேஸ் ஈனி (உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு), அதோடு உலோக அசிடேட் உப்புகளைச் சேர்த்துக் காப்பர், நிக்கல், ஜிங்க் அணைவுச் சேர்மங்கள், இதுதான் புராஜெக்ட். ஈனி ஊற்றிய உடனே பளிச்சென்று மஞ்சள் செதில்களாக இறங்கியது. காப்பர் கரும்பச்சை, நிக்கல் செங்கல் நிறம், ஜிங்க் வெளிர் மஞ்சள். ஐ.ஆர்., யு.வி. எல்லாம் எடுத்தாயிற்று.

பாக்டீரியா சோதனைக்கு வெளியே ஒரு தனியார் லேபில் கொடுத்தோம். ஈ.கோலை பாக்டீரியா பரப்பிய தட்டில் டிஸ்க் வைக்கும் முறையில், டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராமல் விட்ட வட்டம்: ஈனி 9 மி.மீ., நிக்கல் 11, ஜிங்க் 12, காப்பர் 18. ஒப்பிட வைத்த ஆன்டிபயாடிக் சிப்ரோஃபிளாக்சசின் (சிப்ரோ) 15. எங்கள் டிஸ்கில் 100 மைக்ரோகிராம், சிப்ரோ டிஸ்கில் 5.

"சிப்ரோவை விடச் சிறந்த செயல்திறன்" என்று எழுதச் சொல்கிறார்கள். டிபார்ட்மென்ட் லைப்ரரியில் இருக்கும் பழைய ஆய்வேடுகளும் அப்படித்தான் முடிகின்றன. வைவாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர் இதைப் பிடித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. எப்படி எழுதலாம்?

ஜங்ஷன்காரன் எழுதியது:

கிண்டி பேடன்ட் ஆபீசுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சா தங்கச்சி?

அகார்த்தட்டு எழுதியது:

கிண்டல் அப்புறம். நான் மைக்ரோபயாலஜி, மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் அட்டவணையில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 18 இல்லை, 15.

5 மைக்ரோகிராம் சிப்ரோ டிஸ்க், தரக்கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் ஈ.கோலை (ரகத்தின் எண் ஏ.டி.சி.சி. 25922) மேல் வைத்தால் சுமார் 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் வட்டம் வரவேண்டும். 15 வந்தால் சோதனையிலேயே ஏதோ கோளாறு. டிஸ்க் ஃப்ரிட்ஜில் ஈரம் பட்டுச் செத்துப் போயிருக்கலாம். அகார் 4 மி.மீ. தடிமனுக்குப் பதில் கனமாக ஊற்றியிருக்கலாம். பாக்டீரியாக் கலவை 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற தர அளவுக் கலங்கலை விட அடர்த்தியாக இருந்திருக்கலாம். இல்லையென்றால் அந்த ஈ.கோலை சிப்ரோவுக்கு மசியாத ரகம், ஆஸ்பத்திரி நோயாளியிடமிருந்து எடுத்தது. எது என்று லேபைக் கேட்டு வாங்குங்கள். ரகத்தின் எண் இல்லாத ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் பேச முடியாது.

அடுத்தது அளவு. உங்கள் சேர்மம் 100, சிப்ரோ 5. இருபது மடங்கு அதிகம் வைத்துவிட்டு 3 மி.மீ. கூடுதல் வந்தது என்பதை வெற்றி என்று சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு வெவ்வேறு பொருள்களின் வட்ட அளவுகளை மோதவிடவே கூடாது. வட்டம் எவ்வளவு பெரிதாகும் என்பது மருந்தின் வீரியத்தை மட்டும் பொறுத்ததில்லை, அந்த மூலக்கூறு அகாரின் நீருக்குள் எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் பொறுத்தது. உங்கள் காப்பர் சேர்மம் மின்சுமை இல்லாதது, தண்ணீரில் கரையாதது, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான் டிஸ்கில் விட்டிருப்பார்கள். அது டிஸ்கை விட்டு எவ்வளவு வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாது. நல்ல வீரியமுள்ள பொருள் பரவாமல் உட்கார்ந்து சின்ன வட்டம் காட்டலாம், சுமாரான பொருள் வேகமாகப் பரவிப் பெரிய வட்டம் காட்டலாம்.

ஒப்பிட வேண்டுமானால் எம்.ஐ.சி. பாருங்கள். வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்சச் செறிவு, ஒரு மி.லி.க்கு இத்தனை மைக்ரோகிராம். அதில் பரவல் சிக்கல் இல்லை.

பச்சைப்படிகம் எழுதியது:

நன்றி மேடம். ரிப்போர்ட்டில் ரகத்தின் எண் இல்லை, "ஈ.கோலை" என்று மட்டும் இருக்கிறது. டி.எம்.எஸ்.ஓ. மட்டும் வைத்த டிஸ்கும் அட்டவணையில் இல்லை.

அகார்த்தட்டு எழுதியது:

காப்பர் அசிடேட் மட்டும் வைத்த டிஸ்க்?

பச்சைப்படிகம் எழுதியது:

அதுவும் இல்லை. நாங்கள் கேட்கவே இல்லை, அவர்களும் சொல்லவில்லை.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

அபிஷேகப்பட்டிப் பக்கம் இதே துறையில் பிஎச்.டி. செய்கிறேன். மேலே மேடம் சொன்ன எல்லாம் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு இந்த மாதிரி புராஜெக்டே வீண் என்று தங்கை நினைத்துவிடக் கூடாது.

முதலில் தயாரிப்பைப் பற்றி. சாலன் (உங்கள் ஷிஃப் பேஸின் பெயர்) ஈனியைத் தேர்ந்தெடுத்தது நல்ல தேர்வு. இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என்று நாலு முனையில் உலோகத்தைக் கவ்வுகிறது, எளிதில் விடாது. காப்பர் குளோரைடுக்குப் பதில் அசிடேட் எடுத்ததும் நல்லது. ஃபீனால் விடும் புரோட்டானை அசிடேட்டே வாங்கிக்கொள்வதால் தனியாகக் காரம் சேர்க்க வேண்டியதில்லை.

ஐ.ஆரில் ஒரு எச்சரிக்கை. ஈனியில் 1630 வாக்கில் இருக்கும் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் பட்டை அணைவில் கொஞ்சம் கீழே இறங்கும் என்று எல்லோரும் எழுதுவார்கள். சாலனில் அந்த இறக்கம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம். கே.பி.ஆர். (பொட்டாசியம் புரோமைடு) பெல்லட் ஈரம் குடித்திருந்தால் 3400 பக்கம் அகலமான பட்டை வரும். அதைப் பார்த்து "நீர் மூலக்கூறு உலோகத்தோடு இணைந்துள்ளது" என்று எழுதிவிடாதீர்கள். இணைந்த நீர் இருக்கிறதா என்று டி.ஜி.ஏ. (சூடாக்கி எடை குறைவதைப் பார்ப்பது) எடுத்துப் பார்த்துச் சொல்லலாம். நிக்கல் சேர்மம் செங்கல் நிறத்தில் வந்தது என்றால் அது பெரும்பாலும் தளச் சதுரம், காந்தமற்றது. காந்தத் திருப்புத்திறன் எடுத்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் வரும். காப்பர் டி-9, ஒற்றை எலக்ட்ரான், 1.73 போர் மேக்னட்டானுக்குச் சற்று மேலே வரவேண்டும். ஜிங்குக்கும் காந்தமற்ற நிக்கலுக்கும் என்.எம்.ஆர். ஒழுங்காகக் கிடைக்கும், காப்பருக்கு எடுத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

ஈனியை விட அணைவு கூடுதல் வட்டம், அதிலும் காப்பர் முதலிடம், இது உலகம் முழுக்கப் பல ஆய்வேடுகளில் வரும் முடிவு. இர்விங்-வில்லியம்ஸ் வரிசை நினைவிருக்கிறதா? மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல், காப்பர் என்று நிலைப்புத்தன்மை ஏறி, ஜிங்கில் இறங்கும். காப்பர் உள்ளே போனால் புரதங்களின் கந்தக முனைகளைப் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவின் இரும்பு-கந்தகக் கொத்துகள் உள்ள நொதிகளை உடைக்கும். காரணம் இல்லாமல் காப்பர் முதலில் வருவதில்லை.

அகார்த்தட்டு எழுதியது:

அங்கேதான் என் கேள்வியே. கொன்றது உங்கள் அணைவா, அதிலிருந்து கழன்ற காப்பரா? பிரித்துச் சொல்லாமல் ட்வீடியின் கொள்கையைக் கூப்பிடுகிறீர்கள்.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

ட்வீடியை நான் கூப்பிடவில்லை, தங்கையின் ஆய்வேட்டில் கட்டாயம் இருப்பார். :) உலோகத்தின் நேர்மின்சுமை ஈனியோடு பகிரப்படுகிறது, அதனால் சேர்மத்துக்குக் கொழுப்பில் கரையும் தன்மை கூடுகிறது, செல் சவ்வைக் கடக்கிறது என்பது அந்தக் கொள்கை. கொள்கையில் தவறில்லை. அதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கொழுப்பில் கரையும் தன்மையை அளப்பதே இல்லை என்பதுதான் சிக்கல். ஆக்டனாலும் தண்ணீரும் சம அளவு எடுத்து, சேர்மத்தைப் போட்டுக் குலுக்கி, இரண்டு அடுக்கிலும் யு.வி.யில் செறிவு பார்த்தால் லாக்-பி கிடைத்துவிடும். எந்தக் கல்லூரியிலும் ஒரே நாள் வேலை.

அகார்த்தட்டு எழுதியது:

அளந்தாலும் ஈ.கோலைக்கு அது பாதிக் கதைதான். அது கிராம்-நெகட்டிவ். வெளியே லிப்போபாலிசாக்கரைடு உள்ள இன்னொரு சவ்வு, சின்னச் சின்ன போரின் துவாரங்கள், அதைத் தாண்டி உள்ளே வந்ததை வெளியே இறைக்கும் பம்புகள். கொழுப்பில் கரைவது கூடினால் உள்ளே போகும் என்ற நேர்க்கணக்கு அங்கே செல்லாது. அதனால்தான் ஸ்டாஃபைலோகாக்கஸ் மாதிரி கிராம்-பாசிட்டிவ் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது.

களக்காடு_வாழை எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வாழை விவசாயி, பிளஸ் டூ அறிவியல் படிச்சவன். நாங்கள் அடிக்கிற போர்டோக் கலவையும் காப்பர்தானே? எம்-45-ம் இதே வகையா? இத்தனை வருசமாக வயலில் நடக்கிற விஷயத்தை இப்போதான் லேபில் கண்டுபிடிக்கிறீர்களா அண்ணாச்சி?

ஓய்வுபெற்ற_வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, இதற்கு நான் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் மூச்சு வாங்கட்டும்.

போர்டோக் கலவை 1885-இல் பிரான்சில் மில்லார்டே எழுதி வெளியிட்டது. சாலையோரத் திராட்சையைப் போகிற வருகிறவர்கள் பறித்துவிடக் கூடாது என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்த ஓரச் செடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை அவர் கவனித்தார். அதில் கரிமம் ஏதும் இல்லை, அது வெறும் காப்பர் உப்பு. 1 சதவீதத்துக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ நீற்றிய சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரும்பு வாளியில் கலக்கக் கூடாது, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், அன்றன்றைக்கே அடித்துவிட வேண்டும். பளபளக்கும் கத்தியை முக்கிச் செம்பு படிகிறதா என்று பார்ப்பது உங்களுக்கே தெரியும். படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும்.

எம்-45 என்று நீங்கள் கேட்பது மாங்கோசெப். அது உண்மையிலேயே இந்த இழையில் பேசும் அணைவுச் சேர்மங்களின் குடும்பம். எத்திலீன்டைஅமீன், கார்பன் டைசல்பைடு, காரம் மூன்றும் சேர்ந்து வரும் டைதயோகார்பமேட்டில் மாங்கனீசும் ஜிங்கும் பிணைந்தது. அந்த எத்திலீன்டைஅமீன் இந்தப் பிள்ளையின் மேசையில் நிற்கிற அதே பாட்டில்தான். இலைமேல் படலமாக நின்று பல நொதிகளை ஒரே சமயத்தில் தாக்குவதால் பூஞ்சைகள் அதற்கு எளிதில் எதிர்ப்பு வளர்க்க முடிவதில்லை. ஆனால் சிதைந்தால் எத்திலீன் தயோயூரியா என்ற நஞ்சு வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது.

மருந்துக் கடையிலும் இந்தக் குடும்பம் உண்டு. பொடுகு ஷாம்பூவில் ஜிங்க் பைரித்தியோன், தீக்காயக் களிம்பில் சில்வர் சல்ஃபாடயசின் (1968, சார்ல்ஸ் ஃபாக்ஸ்), வயிற்றுப் புண் கிருமிக்கு பிஸ்மத் சேர்மங்கள். அதற்கும் முன்னால் 1910-இல் எர்லிக்கின் சல்வார்சன், ஆர்செனிக்கைக் கொண்டு சிபிலிசுக்கு மருந்து. எனக்கு இவற்றில் பிடித்தது சிஸ்பிளாட்டின் கதை. 1965-இல் ரோசன்பெர்க் மின்புலத்தில் ஈ.கோலை எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரியாமல் நூல்நூலாக நீண்டுகொண்டே போனது. மின்சாரம் செய்த வேலை என்று பார்த்தால், பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து வந்த அணைவு செய்த வேலை. பாக்டீரியாத் தட்டில் தொடங்கியது புற்றுநோய் மருந்தில் போய் நின்றது.

களக்காடு_வாழை எழுதியது:

சரிங்க ஐயா, விளங்குது. அப்போ இந்தப் பிள்ளை செய்யும் பச்சைச் சேர்மத்தை வாழை இலைப்புள்ளிக்கு அடிக்கலாமா?

ஓய்வுபெற்ற_வாத்தியார் எழுதியது:

வேண்டாம் தம்பி. கிலோ கணக்கில் சாலிசிலால்டிஹைடு வாங்கினால் வாழைத்தார் விலை தாங்காது. அதைவிட, காப்பர் மண்ணில் தங்கிவிடும், ஓடைக்குள் போனால் மீனுக்கு ஆகாது. இருக்கிற காப்பரையே அளவாக அடிக்கத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஜங்ஷன்காரன் எழுதியது:

எங்கள் வீட்டுச் செம்புக் குடத் தண்ணீரும் இதே கணக்கா? ஆச்சி ஆர்.ஓ.வே வேண்டாம் என்று நிற்கிறாள்.

அகார்த்தட்டு எழுதியது:

உலோக அயனி மிகக் குறைந்த அளவிலேயே கிருமியைக் கொல்வதை 1893-லேயே தாவரவியலாளர் நேகெலியின் கட்டுரை பதிவு செய்துவிட்டது. செம்பில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் பாக்டீரியா குறையும், உண்மைதான். தண்ணீரில் காப்பர் லிட்டருக்கு 2 மி.கி. தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெறும் தண்ணீர் என்றால் ஆச்சி கட்சி. புளித்தண்ணி, மோர், எலுமிச்சைச் சாறு அதில் ஊற்றினால் நான் உங்கள் கட்சி. இழைக்குத் திரும்புவோம்.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

மேடம், உங்கள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கோ-ஆட் என்று ஒரு அமைப்பு, உலகெங்கும் இருந்து வேதியியலாளர்கள் அனுப்பும் சேர்மங்களை இலவசமாகக் கிருமிகள் மேல் சோதித்தார்கள். 2020-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: 906 உலோகச் சேர்மங்களில் 88 ஏதாவது ஒரு கிருமியையாவது தடுத்தன, அதே சமயம் மனித செல்லையோ இரத்தச் சிவப்பணுவையோ கெடுக்கவில்லை. சுமார் நூற்றுக்குப் பத்து. அதே தொகுப்பில் உலோகம் இல்லாத கரிமச் சேர்மங்களில் இந்தத் தேர்ச்சி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே துறையைக் குறைத்துப் பேசாதீர்கள்.

அகார்த்தட்டு எழுதியது:

துறையை யார் குறைத்தார்கள்? நீங்கள் சொன்ன கணக்கே என் கட்சிதான். அவர்கள் வட்டம் அளக்கவில்லை. எம்.ஐ.சி. பார்த்தார்கள், மனித செல்லில் நச்சுத்தன்மை பார்த்தார்கள், சிவப்பணு உடைகிறதா என்று பார்த்தார்கள். அப்படி வடிகட்டிய பிறகு நின்றவை 88. நம் ஊர் அட்டவணையில் செல் நச்சுத்தன்மைக்கு ஒரு பத்தி உண்டா? பினாயிலும்தான் ஈ.கோலையைக் கொல்லும், அதற்காக யாரும் விழுங்குவதில்லை.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

எம்.எஸ்சி. மாணவி செல் லைனுக்கு எங்கே போவாள் மேடம்? அதற்கான இன்குபேட்டர், சீரம், பராமரிப்பு என்று கல்லூரிக் காசில் நடக்குமா?

அகார்த்தட்டு எழுதியது:

செல் லைன் கேட்கவில்லை. சிவப்பணு உடைகிறதா என்பதை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால் மைக்ரோபயாலஜி டிபார்ட்மென்டிலேயே பார்க்கலாம். எம்.ஐ.சி.க்கு 96 குழித் தட்டு ஒன்று, மைக்ரோபிப்பெட், முல்லர்-ஹிண்டன் திரவம். இதில் எது நம் கல்லூரிகளில் இல்லை? பக்கத்துக் கட்டிடத்துக்கு நடந்து போகத் தயங்கித் தனியார் லேபுக்குக் கூரியர் அனுப்புகிறோம். அங்கிருந்து ஒரு மங்கலான போட்டோவும் நாலு எண்ணும் வருகிறது. கோபம் எனக்கு அங்கேதான்.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

இதில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சரி, கொன்றது அணைவா, கழன்ற காப்பரா? இதைப் பார்க்க மூன்று வழி எனக்குத் தெரியும். முதலாவது நீங்கள் கேட்ட அதே டிஸ்க்: காப்பர் அசிடேட், ஈனி, இரண்டும் தனியாக, ஆனால் எடையில் சமமாக இல்லாமல் மோலில் சமமாக. எல்லோரும் 100 மைக்ரோகிராம் என்று எடையில் வைத்துவிடுகிறார்கள். மூலக்கூறு எடை மாறும்போது காப்பர் அளவும் மாறிவிடும். இரண்டாவது, சேர்மத்தை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து உடனே ஒரு யு.வி. நிறமாலை, 24 மணி நேரம் கழித்து ஒன்று. டி.எம்.எஸ்.ஓ. வெறும் கரைப்பான் இல்லை, அதுவே உலோகத்தைப் பிடிக்கும் ஈனி. சிஸ்பிளாட்டினை அதில் கரைத்தால் குளோரைடைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். சாலன் அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது, ஆனாலும் பார்க்காமல் சொல்லக் கூடாது. மூன்றாவது, அதே நிறமாலையைக் கிருமி வளர்க்கும் திரவத்திலும் எடுக்க வேண்டும். அதில் நிறைய அமினோ அமிலங்கள், எல்லாமே காப்பருக்கு ஆசைப்படுகிறவை.

பச்சைப்படிகம் எழுதியது:

எம்.ஐ.சி. எங்கள் கல்லூரி மைக்ரோபயாலஜியில் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். காப்பர் சேர்மம் கரும்பச்சை, குழி கலங்கியிருக்கிறதா என்று கண்ணால் தெரியுமா? தண்ணீரில் கரையாததால் வீழ்படிவு வேறு வரும் என்று பயம்.

அகார்த்தட்டு எழுதியது:

இரண்டு பயமும் நியாயம். டி.எம்.எஸ்.ஓ. ஒவ்வொரு குழியிலும் 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாக் குழியிலும் ஒரே அளவு. கிருமி இல்லாமல் சேர்மமும் திரவமும் மட்டும் உள்ள ஒரு வரிசை கட்டாயம் வையுங்கள். அதிலேயே கலங்கினால் அது வீழ்படிவு, வளர்ச்சி இல்லை. நிறச் சிக்கலுக்கு ரெசாசூரின் என்ற சாயத்தைச் சொட்டு விடுவார்கள், உயிர் இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். ஆனால் காப்பர் சேர்மங்கள் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வேலை செய்பவை, சாயத்தோடு நேரடியாகவே விளையாடலாம். அந்தக் கிருமி இல்லாத வரிசையிலும் சாயம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் தெளிவான குழிகளிலிருந்து எடுத்து அகாரில் தடவி மறுநாள் பாருங்கள். ஒன்றும் வளரவில்லை என்றால் கொல்கிறது, வளர்ந்தால் தடுக்கிறது மட்டும்தான். அது தனித் தகவல், கூடுதல் மதிப்பு.

ரகம் சண்டிகரில் உள்ள கிருமிச் சேமிப்பகமான எம்.டி.சி.சி.யிலிருந்து எண்ணோடு வாங்கியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேதியியல் லேபில் தட்டுகளைத் திறக்க வேண்டாம். முடிந்ததும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் குப்பைக்கு.

பச்சைப்படிகம் எழுதியது:

சரி மேடம். இப்போதைக்கு முடிவுரையில் இப்படி எழுதலாமா: "டிஸ்க் பரவல் முறையில் காப்பர் அணைவு, ஈனியையும் நிக்கல், ஜிங்க் அணைவுகளையும் விடப் பெரிய தடுப்பு வட்டத்தைக் காட்டியது. உலோக உப்பு, கரைப்பான் ஆகியவற்றின் ஒப்பீட்டுச் சோதனையும் எம்.ஐ.சி. அளவீடும் தேவைப்படுகின்றன. சிப்ரோஃபிளாக்சசினின் வட்டம் எதிர்பார்க்கும் வரம்புக்குக் கீழே இருந்ததால் அதனுடன் ஒப்பீடு செய்யப்படவில்லை."

அகார்த்தட்டு எழுதியது:

கடைசி வாக்கியத்துக்காகவே எக்ஸாமினர் மார்க் போடுவார். எம்.ஐ.சி. முடிந்துவிட்டால் நடு வாக்கியத்தை எண்ணால் மாற்றுங்கள். 64 வந்தாலும் 512 வந்தாலும் வந்ததை எழுதுங்கள்.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

நிக்கல் கழிவைச் சிங்கில் ஊற்றாதீர்கள், நிக்கல் உப்புகள் புற்றுநோய் தருபவை. தனி பாட்டிலில் பெயர் எழுதிச் சேர்த்து வையுங்கள். காயவைத்த பொடியை எடுக்கும்போது கையுறையும் மாஸ்க்கும்.

தென்காசித்தூறல் எழுதியது:

படித்துக்கொண்டிருந்தேன், என் சந்தேகமும் இதில் சேருமா? எனக்குச் சில்வர் அணைவு. திரவத்தில் விட்டதும் வெள்ளையாகத் திரிந்துவிடுகிறது, ஆனாலும் கிருமி வளரவில்லை.

பொதிகை_ஆய்வாளர் எழுதியது:

திரவத்தில் குளோரைடு இருக்கும், வெள்ளையாக வந்தது சில்வர் குளோரைடாக இருக்கத்தான் வாய்ப்பு. அப்படியானால் உங்கள் குழியில் மிதப்பது நீங்கள் தயாரித்த சேர்மம் இல்லை. வீழ்படிவை வடித்து அம்மோனியாவில் கரைகிறதா பாருங்கள், கரைந்தால் அதுதான். சில்வர் நைட்ரேட்டைத் தனியாக ஒரு வரிசை வைத்து என்ன வருகிறது என்றும் சொல்லுங்கள்.

நெறியாளர் எழுதியது:

சில்வருக்குத் தனி இழை தொடங்குங்கள் தென்காசித்தூறல், இங்கிருந்து இணைப்பு கொடுக்கிறேன். செம்புக் குடத்தைப் பற்றி மேலும் எழுத நினைப்பவர்கள் சமையல் பகுதிக்குப் போகலாம்.